நஞ்சுக்கொடியைத் தாண்டும் நஞ்சு



மாடு கன்று போட்டதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "காளையா, கிடாரியா?" அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துதா?" அது விழுகிற வரைக்கும் தொழுவத்தை விட்டு நகர மாட்டோம். வேலை முடிந்த பின்னும் நஞ்சுக்கொடி உள்ளே தங்கினால் தாய்க்கே ஆபத்து என்று நமக்குத் தெரியும். இந்த மாதப் பாடம் அதே கொடியைப் பற்றியதுதான். ஆனால் அது உள்ளே இருந்து வேலை செய்கிற நாட்களைப் பற்றியது. தாயின் உடம்புக்குள் போகிற மற்ற நஞ்சு, இந்தக் கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகுமா? போனால் பிள்ளையின் இதயத்துக்கு என்ன ஆகும்?

சுங்குவார்சத்திரத்தில் நடந்த நம் கூட்டம் ஒன்றில், விதை நேர்த்தி பற்றிப் பேசி முடித்த பிறகு ஒரு அம்மா எழுந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்து நாப்பது நாளாவுது. நெஞ்சுல ஓட்ட இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. கிரகணத்துல வெளிய வந்தியா, எதனா தூக்குனியான்னு மாமியா வூட்ல அவளையே கேக்கறாங்க. நவரைக்கு வெதைக்கு மருந்து கலந்தது அவதான். அதுக்கு முன்ன கம்பெனிலயும் ரெண்டு வருசம் வேல செஞ்சா. இதுல எது தம்பி?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அன்றைக்குச் சொன்ன பதில் அரைகுறை. அதை முழுதாகச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

கதிர் கட்டுகிற வாரம்

நெல்லை எடுத்துக்கொள்வோம். குறுகிய காலப் பயிரில் சுமார் 45ஆம் நாள் வாக்கில் தண்டுக்குள்ளே கதிர் உருவாகத் தொடங்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் வயல் காய்ந்து வெடித்தால், பிறகு எத்தனை மடை திறந்தாலும் இழந்த மணி திரும்ப வராது. இதே வறட்சி பத்து நாள் முன்னே வந்திருந்தால் பயிர் தேறியிருக்கும். முற்றிய பிறகு வந்திருந்தால் பெரிய நட்டமில்லை. அடி எவ்வளவு பலமானது என்பது ஒரு பக்கம். எந்த நாளில் விழுந்தது என்பது அதைவிடப் பெரிசு.

பிள்ளையின் இதயமும் அப்படித்தான். கரு உண்டான 3ஆம் வாரத்தில் இரண்டு மெல்லிய குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குழாய் ஆகும். 22ஆம் நாள் வாக்கில் அந்தக் குழாய் துடிக்க ஆரம்பிக்கும். 4ஆம் வாரம் குழாய் வளைந்து மடிந்துகொள்ளும். அதன் பிறகு உள்ளே சுவர்கள் எழும்பும், வால்வுகள் உருவாகும், இதயத்தை விட்டு வெளியே போகிற ஒற்றைக் குழாய் இரண்டாகப் பிரியும். 8ஆம் வாரம் முடிகிறபோது நான்கு அறை கொண்ட இதயம் தயார். அப்போது பிள்ளையின் மொத்த நீளமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். அதற்குப் பிறகு இதயம் வளரும், பலப்படும். ஆனால் வீட்டின் சுவர் எழுப்பி முடித்தாயிற்று.

சுவர் எழும்புகிறபோது ஒரு இடத்தில் முழுதாக மூடாமல் போனால் அதைத்தான் "ஓட்டை" என்கிறோம். பெரிய குழாய்கள் இடம் மாறிப் பொருந்தினாலோ, நுரையீரலுக்குப் போகிற வழி குறுகிவிட்டாலோ, பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாயும்.

இப்போது நாள் கணக்குப் போடுங்கள். கரு உண்டாகி 14 நாள் கழித்துத்தான் மாதவிலக்கு தள்ளிப்போகும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துச் சோதனை செய்தால், அன்றைக்கு இதயக் குழாய் துடிக்க ஆரம்பிக்கிற நாள். இன்னும் ஒரு மாதம் கழித்து வீட்டில் சொல்லி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்கிறபோது இதயம் ஏறக்குறைய கட்டி முடிந்திருக்கும். டாக்டர் எழுதுகிற வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வருவது. அதில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, "மாசமா இருக்கா, இனிமே வயலுக்கு அனுப்பாதீங்க" என்று நாம் சொல்கிற நாளில், இதயத்தைப் பொறுத்தவரை காலம் கடந்துவிட்டது. இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சேதி தெரிந்த பிறகு காப்பாற்றுவது இதயத்துக்குப் போதாது. சேதி தெரிகிறதற்கு முன்னாலேயே வீடும் வயலும் வேலையிடமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

யார் மீதும் பழி போடுகிற விஷயம் இல்லை

உலகில் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 8, 9 பேர் ஏதாவது ஒரு இதயக் குறையோடு பிறக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே அறுவை சிகிச்சையோ வேறு சிகிச்சையோ தேவைப்படும்.

காரணங்கள் பல. சிலருக்கு மரபணுக் கோளாறு. சிலருக்குத் தாய்க்கு ஆரம்ப மாதங்களில் வந்த ருபெல்லா அம்மை. கட்டுப்படாத சர்க்கரை நோய் ஒரு காரணம். வலிப்புக்கும் வேறு சில நோய்களுக்கும் சாப்பிடுகிற குறிப்பிட்ட மாத்திரைகள் இன்னொன்று. அவற்றைத் தானாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் கட்டுவதாலும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு "இதுதான் காரணம்" என்று ஒன்றைத் தனியே சுட்டிக்காட்ட முடிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த அம்மாவுக்கு முதல் பதில் இதுதான். உங்கள் பெண்ணின் குழந்தைக்கு இன்னதால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் மீது குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாததை, நூறு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால் சில நேரம் சொல்ல முடியும். அப்படிச் சேர்த்துப் பார்த்த இடங்கள் சில உண்டு.

கொடி வேலி அல்ல

ஒரு காலத்தில் டாக்டர்களே நஞ்சுக்கொடியை ஒரு வேலி என்று நினைத்தார்கள். தாய்க்கு வருகிற நஞ்சு அங்கே தடுக்கப்படும், பிள்ளைக்குப் போகாது என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைத்த ஊர்களில் ஒன்று ஜப்பானின் மினமாட்டா. அங்கே ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம் மீனில் ஏறியது. மீன் சாப்பிட்ட மக்களுக்கு நரம்பு நோய் வந்தது. 1956இல் நோய் வெளியே தெரிந்தது. பெரிய தொந்தரவு இல்லாமல் நடமாடிய தாய்மார்களுக்கு, மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தார்கள். தாயின் உடம்பில் வந்த பாதரசத்தைக் கொடி தடுக்கவில்லை, பிள்ளைக்குக் கடத்திவிட்டது. 1962இல் இதைப் பிறவி நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

நம் வீடுகளில் உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் போட்டு வைக்கிறோம் அல்லவா, ஜப்பானியர்களும் அதைச் சின்னப் பெட்டியில் பத்திரமாக வைப்பது வழக்கம். டாக்டர் ஹராடா மசசுமி அந்தக் கொடிகளைச் சேகரித்துப் பரிசோதிக்கச் செய்தார். பல ஆண்டு கழித்தும் பாதரசம் அதில் சாட்சியாக இருந்தது.

மினமாட்டாவில் பாதித்தது மூளை. இதயத்துக்கு வருவோம்.

ஜெஜு தீவின் பதினைந்து பேர்

கொரியா என்றால் நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கொரியக் கம்பெனிகளின் போர்டுகள்தான். அந்த நாட்டின் ஜெஜு தீவில் ஓர் அரசு மருத்துவமனை. 2009இல் அங்கே வேலை செய்த 15 செவிலியர்கள் கருவுற்றார்கள். அவர்களில் 5 பேருக்குக் கரு கலைந்தது. 4 பேருக்கு, அடுத்த ஆண்டு பிறந்த குழந்தைகளின் இதயத்தில் குறை. ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்கள் 6 பேர்தான்.

என்ன வேலை செய்தார்கள்? அங்கே படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், மாத்திரையை முழுங்க முடியாதவர்கள். செவிலியர்கள் தினமும் நூற்றுக்கணக்கில் மாத்திரைகளை இடித்துப் பொடியாக்கிக் கொடுத்தார்கள். அவற்றில் கருவுற்ற பெண்கள் தொடவே கூடாத மாத்திரைகளும் இருந்தன. பொடி பறந்தது, மூக்கில் ஏறியது. வேலைப் பளுவும் அதிகம்.

அந்த நால்வரும் 2012இல் தொழிலாளர் இழப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்தார்கள். "நோய் குழந்தைக்கு, நீ தொழிலாளி, குழந்தை தொழிலாளி இல்லை" என்று பதில் வந்தது. வழக்குப் போட்டார்கள். 2014இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2016இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2020 ஏப்ரல் 29 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், கருவில் இருக்கிற பிள்ளை தாயின் உடம்போடு ஒன்று, தாயின் வேலையால் பிள்ளைக்கு வந்த கேடு தாய்க்கு வந்த தொழில் நோய்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அதையொட்டிச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டு வழக்கு நடத்தியவர்கள் சாதாரணச் செவிலியர்கள். அவர்களுடைய முதல் ஆதாரம் ஒரு கணக்கு: நம்மில் எத்தனை பேர், என்ன வேலை செய்தோம், என்ன பிறந்தது. தங்களுக்குள் பேசி எண்ணிப் பார்த்ததால்தான் அது தெரிய வந்தது.

நிலத்தடி நீரில் போன எண்ணெய்க்கழுவி

இன்னொரு வழி தண்ணீர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்று ஒரு நகரம். விமானப் பாகங்கள் செய்கிற இடங்களில் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். கழிவை மண்ணில் விட்டார்கள். அது நிலத்தடி நீருக்குப் போனது. 1981இல் கண்டுபிடித்துக் கிணறுகளை மூடினார்கள். ஸ்டான்லி கோல்ட்பர்க் என்ற குழந்தை இதய மருத்துவர், தன்னிடம் வருகிற குழந்தைகளில் பலர் நகரத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதைக் கவனித்தார். இதயக் குறையுள்ள சுமார் 700 குழந்தைகளின் பெற்றோரை விசாரித்து 1990இல் ஆய்வை வெளியிட்டார். கெட்ட தண்ணீர் போன பகுதியில், அது போன காலத்தில், இதயக் குறைக்கான வாய்ப்பு மற்ற பகுதிகளைப் போல் மூன்று மடங்கு. கிணறுகளை மூடிய பிறகு அங்கே குடிவந்தவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட், கணினி உறுப்புகள் தயாரித்த ஊர். அங்கே கரைப்பான் நிலத்துக்குள் இறங்கி, மண்ணிலிருந்து ஆவியாக வீடுகளுக்குள் ஏறியது. மாநில சுகாதாரத் துறையினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பகுதியில் பிறந்த குழந்தைகளிடம் இதயக் குறை எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்கு இருந்தது. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை, விலங்குச் சோதனைகளில் விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனாலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் இந்தக் கரைப்பானைத் தடை செய்கிற விதியை வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு, நம் ஊர்த் தண்ணீரில் இது இருக்கிறது என்று யாரும் சொல்லித் திரிய வேண்டாம். பரிசோதிக்காமல் சொல்வது வதந்தி. ஆனால் இரும்பைக் கழுவாமல் எந்தப் பாகமும் செய்ய முடியாது, எதைக் கொண்டு கழுவுகிறார்கள், கழுவியது எங்கே போகிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நாம் குடிப்பதும் பாய்ச்சுவதும் அதே நிலத்தடி நீர்.

நம் வயலில் அடிக்கிற "மருந்து"

தொழிற்சாலையை மட்டும் கை நீட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அமெரிக்காவின் பால்டிமோர், வாஷிங்டன் பகுதியில் 1981 முதல் 1989 வரை பிறந்த குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெரிய குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம், முதல் மூன்று மாதத்தில் பூச்சிக்கொல்லிப் பழக்கம் இருந்ததா என்று கேட்டார்கள். ஏதாவது ஒரு கொல்லியோடு பழகியவர்களுக்கு இந்தக் குறை வருகிற வாய்ப்பு சுமார் இரு மடங்கு. களைக்கொல்லியிலும் எலி மருந்திலும் அதைவிடக் கூடுதல். 2001இல் இது வெளியானது.

பக்கத்து மாநிலத்திலேயே காசர்கோடு இருக்கிறது. முந்திரித் தோட்டங்களில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கன்றுகள் கோணல் கால்களோடு பிறப்பதை முதலில் கவனித்து எழுதியவர் ஸ்ரீ பத்ரே, பின்னாளில் உழவர் பத்திரிகை ஆசிரியர் ஆனவர். பிறகு டாக்டர் மோகன்குமார் தன்னிடம் வருகிற குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கணக்கெடுத்தார். லீலாகுமாரி அம்மா நீதிமன்றம் போய்த் தெளிப்பை நிறுத்தினார். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. கன்று பிறந்ததைப் பார்த்தவர் எழுதிய நாளிலிருந்து தடை வர சுமார் முப்பது ஆண்டு ஆனது.

பச்சை முக்கோணம் எதைச் சொல்லவில்லை

பூச்சிக்கொல்லி டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு என்று கடைக்காரர் சொல்லுவார். அந்த நிறத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? எலிக்கு எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் உடனே சாகும் என்ற கணக்கு அது. தின்றால் சாவாயா மாட்டாயா என்பதை மட்டும் சொல்கிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த நிறம் ஒரு வார்த்தை பேசாது.

நமக்குப் பழக்கமான உதாரணம் கார்பென்டசிம். நெல் விதைக்குக் கிலோவுக்கு 2 கிராம் என்று கலக்கிற பொடி. பச்சை முக்கோணத்தில் வருவது. அதே பொடியை ஐரோப்பிய ஒன்றியம் "கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கேடு செய்யக்கூடியது" என்ற வகையில் வைத்திருக்கிறது. 2014இலிருந்து பயிருக்கு அங்கே அனுமதி இல்லை. பூஞ்சையின் செல் பிரிவதைத் தடுத்துத்தான் அது வேலை செய்கிறது. கருவில் இருக்கிற பிள்ளையின் முழு வேலையே செல் பிரிவதுதான். அது மனிதக் குழந்தையின் இதயத்தில் ஓட்டை போட்டது என்று நான் சொல்லவில்லை. பச்சை என்று நம்பி, கையுறை இல்லாமல், சேலை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கல்யாணமாகி ஆறு மாதமான மருமகளை அந்தப் பொடியைக் கலக்க உட்கார வைக்கிறோமே, அது சரியா என்றுதான் கேட்கிறேன். ஜெஜுவில் பறந்ததும் பொடிதான்.

ஒரே வீட்டில் இரண்டு வாசல்

சுங்குவார்சத்திரம் சுற்று வட்டாரத்தில் இன்றைக்குப் பல வீடுகளின் நிலை இது. மாமனார் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறார். மகன் மருந்து அடிக்கிறார். மருமகள் ஷிப்ட் பஸ்ஸில் கம்பெனிக்குப் போகிறார். நஞ்சு இரண்டு வாசல் வழியாகவும் வீட்டுக்குள் வரலாம். மகன் தெளித்துவிட்டு வந்து கழற்றிப் போட்ட சட்டையை, மருமகள் தன் சேலையோடு சேர்த்து ஊற வைக்கிறார். கம்பெனியில் தின்னரில் துடைத்த கையோடு சாப்பிடுகிறார். வெளியூர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்களுக்கும் இதேதான். அவர்கள் நாளைக்குத் தாயாகப் போகிறவர்கள், நம் பெண்களைப் போன்றவர்கள்.

என்ன செய்யலாம்

வயலில்:

1. விதை நேர்த்தியில் பொடியை விட்டுவிடுங்கள். முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைப் போட்டுப் பதரை நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். 100 கிலோ விதைக்கு 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு கைப்பிடி வரப்பு மண் சேர்த்து ஓர் இரவு ஊறிய பீஜாமிர்தம் போதும். இல்லையென்றால் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ்.

2. இன்னும் முழுதாக இயற்கைக்கு மாறாத நண்பர்களுக்கு: கலப்பதும் அடிப்பதும் பெண்கள் வேலை இல்லை என்று வையுங்கள். அடித்த துணியை அடித்தவரே தனியாகத் துவைக்கட்டும். டப்பாவைச் சமையலறையிலும் படுக்கிற அறையிலும் வைக்காதீர்கள். அடித்த வயலில் உடனே களையெடுக்க ஆள் இறக்காதீர்கள்.

வேலையிடத்தில்:

3. எந்த ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் இரண்டாம் பகுதியில் "எச் 360" என்று இருந்தால் கருவுக்கோ இனப்பெருக்கத்துக்கோ கேடு செய்யக்கூடியது. "எச் 361" என்றால் கேடு செய்யும் என்று சந்தேகிக்கப்படுவது. தின்னரில் இருக்கிற டொலுவீன் இந்த இரண்டாம் வகை. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான பொருட்களைப் பற்றித் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்வது நிர்வாகத்தின் கடமை என்று சேர்த்தார்கள். ஆகவே கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

4. குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண், கருவுற்ற பிறகு அல்ல, அதற்கு முன்பே அந்த வேலையிலிருந்து மாற்றம் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

மருத்துவத்தில்:

5. கல்யாணமான பெண், கருவுறுவதற்கு முன்பே ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளட்டும். போலிக் அமில மாத்திரையையும் முன்பே தொடங்க வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எதைத் தொடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

6. குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும், வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலியில்லாத சோதனை, சில நிமிட வேலை. 95க்கு மேல் இருக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

7. பால் குடிக்கிறபோது நெற்றி வியர்ப்பது, இரண்டு மடக்கு குடித்து நிறுத்தி மூச்சு வாங்குவது, எடை ஏறாதது, உதடு நீலமாவது, இவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு பிறவி இதயக் குறையையும் பார்க்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவை சிகிச்சை செய்ய முடியும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை நமக்கு ஒன்றரை மணி நேரத் தூரம்தான்.

கூட்டத்தில் பேச

நம் ஊரில் கடந்த ஐந்து ஆண்டில் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு இதயக் குறை? கரு கலைந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் என்ன வேலை செய்தார்கள்? பேர் எழுத வேண்டாம், கணக்கு மட்டும் போதும். பெண்களே தனியாக உட்கார்ந்து பேசி எண்ணினால்தான் உண்மை வரும். கன்றுகளையும் சேர்த்து எண்ணுங்கள். கணக்கைச் செவிலியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ஜெஜுவிலும் காசர்கோட்டிலும் எண்ணிப் பார்த்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது பதில். சுவரில் இருக்கிற சின்ன ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தானே மூடிக்கொள்ளும். மூடாததை மூட வைத்தியம் இருக்கிறது. டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் எக்கோ எடுங்கள், தடுப்பூசி போடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உங்கள் பெண்ணிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டாம், கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. வருகிற சொர்ணவாரிக்கு உங்கள் வீட்டு விதையை நாங்கள் வந்து பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்து தருகிறோம். உங்கள் இன்னொரு மருமகளும் அந்த வீட்டில்தானே இருக்கிறார்.